கோமதி தலையில் நாலு கோடு

1

நாம் மலையாளத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது என்று போன வாரம் என் வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார். கொண்டாடச் சொல்கிறாரா, துக்கம் விசாரிக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். வரவானாலும் செலவானாலும் ஒரே முகம்தான்.

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பாஸ்போர்ட் வேண்டாம். காலையில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சீமைக்குப் போனவள். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்வி: "அங்க எல்லாத்துக்கும் தேங்காண்ணெயா?" இருபது வருஷமாக இதைத்தான் கேட்கிறீர்கள். பதிலும் சொல்லியாகிவிட்டது. அடுத்த கல்யாணத்திலும் கேட்பீர்கள்.

இங்கிருப்பவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? வந்த புதிதில் ரேஷன் கார்டுக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு ஆபீசர் நிமிராமலே கேட்டார், "வீட்டுப்பேரு?" இங்கே ஆளுக்குப் பெயர் இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்குப் பெயர் இருந்தாக வேண்டும். வாடகை வீடு சார் என்றார் இவர். "வாடகெக்கு இருந்தாலும் வீட்டினு பேருண்டல்லோ." வீட்டுச் சொந்தக்காரரின் தறவாட்டுப் பெயரை, அதாவது பரம்பரை வீட்டுப் பெயரை, எழுதிக்கொடுத்துவிட்டு வந்தோம். இதுவரை மூன்று வீடு மாறிவிட்டோம். மூன்று சொந்தக்காரர்களின் தாத்தா பாட்டி பெயரில் அரிசி வாங்கியாகிவிட்டது.

இந்த இருபது வருஷத்தில் நடந்ததையெல்லாம் எழுதப் போவதில்லை. யாருக்கு வேண்டும்? என் மகள் தலைமுடிக்கு நிறம் போட்ட கதையை மட்டும் எழுதுகிறேன். ஊரில் அதைப் பலபேர் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. கதைக்குச் சொந்தக்காரி நான் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2

கோமதி எங்களுக்கு ஒரே பெண். இங்கே மகளிர் கல்லூரியில் கடைசி வருஷம். கோமதி என்ற பெயரை அவள் சிநேகிதிகள் "கோம்ஸ்" ஆக்கிவிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்வாள். தமிழை "நிங்ஙளுடெ பாஷ" என்பாள், ஏதோ நானும் அவள் அப்பாவும் அடுக்களையில் உட்கார்ந்து கண்டுபிடித்த பாஷை மாதிரி.

கல்லூரி முடியப்போகிறது என்று பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பொன்முடி மலைக்கு டூர் கிளம்பினார்கள். வழியில் கல்லாற்றில் இறங்கிப் பாறையில் உட்கார்ந்து போட்டோ எடுப்பார்களாம். அந்தப் போட்டோவுக்காக எல்லாருக்கும் முடியில் ஸ்ட்ரீக்ஸ் வேண்டுமாம். டிவியில் பாட்டுப் போடும் பெண்கள் நெற்றிக்கு மேலே மஞ்சளாக நாலு கோடு இழுத்துக்கொண்டு வந்து நின்று, போனில் கூப்பிடுகிறவனிடம் எல்லாம் "ஹாய்" சொல்கிறார்களே, அதுதான். நரைத்த முடியைக் கறுப்பாக்க நாங்கள் படாத பாடு படுகிறோம். இவர்கள் கறுத்த முடியை வெளுக்க வைக்கப் பணம் கொடுக்கிறார்கள். பார்லரில் கேட்ட தொகையைச் சொன்னாள். அந்தத் தொகைக்குத் தலையையே மாற்றித் தருவார்களா என்று கேட்டேன்.

அவளுக்கு அருள்பாலிக்க அடுத்த வீட்டு ஷைனி வந்து சேர்ந்தாள். ஷைனியின் புருஷன் மஸ்கட்டில். லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுத்த டப்பா ஒன்று அவளிடம் இருந்தது. உள்ளே பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தொப்பி, குரோஷா ஊசி மாதிரி ஒரு கொக்கி, நீலப் பொடிப் பொட்டலங்கள், ஒரு பாட்டில், கையுறை. ஷைனி தன் தலைக்கு ஏற்கெனவே போட்டிருந்தாள். தேன் நிறத்தில் நாலைந்து கோடு. என் முகத்தில் பயத்தைப் பார்த்துவிட்டு, "சேச்சி எந்தினா இங்ஙனே பேடிக்குன்னே? என்றெ முடி நோக்கிக்கே, எந்து பங்கியா!" என்றாள். அழகாகத்தான் இருந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை கோமதி கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தொப்பியை மாட்டி, நாடிக்குக் கீழே முடிச்சுப் போட்டு, ஓட்டைக்குள் கொக்கியை விட்டு ஒவ்வொரு இழையாக வெளியே இழுத்தாள். கொக்கி சில சமயம் முடியைப் பிடித்தது, சில சமயம் தோலைப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன்.

"கொஞ்சம் சகாயிக்கம்மா. பின்னால கை எத்துல்லா."

"கண்ணாடி பாத்து செய்யத் தெரிஞ்சவளுக்கு நான் எதுக்குட்டி?"

பொடியையும் பாட்டிலில் இருந்ததையும் குழைத்துப் பூசினாள். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். முனிசிபாலிட்டிக்காரன் மருந்து தெளித்த மாதிரி வீடு முழுக்க ஏறிவிட்டது. ஐந்து நிமிஷம் இருக்காது. "அம்மே, சுடுது! தல சுடுது!" என்று கத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். குழாயில் தண்ணீர் இல்லை, இந்த நகரத்துக் குழாய்க்கு நேரம் காலம் தெரியும். பாத்திரம் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரை நான் தூக்கி ஊற்றினேன்.

துவட்டிப் பார்த்தால் தேன் நிறமும் இல்லை, பொன் நிறமும் இல்லை. புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தின் நிறத்தில், நெற்றியிலிருந்து காதுவரை பட்டை பட்டையாக நாலு கோடு.

3

காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. டப்பாவுக்குள் கிடந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். இரும்புச் சத்துக் கலந்த சாயம் ஏற்கெனவே போட்ட முடியில் இதைப் போடாதே, சூடாகும், நிறம் மாறும் என்று இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருந்தது. நாங்கள் சாயமே போட்டதில்லையே என்று கோமதி அழுதாள்.

சாயம் போட்டதில்லைதான். ஆனால் எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை மருதாணி உண்டு. அரைத்த மருதாணியை இரும்புச் சட்டியில் போட்டு, டீ டிகாஷன் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டால்தான் கறுப்புப் பிடிக்கும். நமக்கெல்லாம் இது தெரியும், இரும்புச் சட்டி இல்லாமல் மருதாணி என்ன மருதாணி? நரைக்கு என்று எனக்கும் அவருக்கும் பூசி, மிச்சத்தை வழித்து, சூட்டுக்கு நல்லது என்று அவள் தலையிலும் அப்பிவிடுவேன். பத்து வயசிலிருந்து அவள் தலை இரும்பைக் குடித்து வளர்ந்த தலை. ஷைனி தலையில் தேங்காய் எண்ணெயும் செம்பருத்தி இலை அரைத்த தாளியும் தவிர வேறு ஒன்றும் பட்டதில்லை. அங்கே தேன், இங்கே செம்பு.

மஸ்கட்டில் டப்பா செய்கிறவனுக்குத் திருநெல்வேலிக்காரியின் இரும்புச் சட்டி எப்படித் தெரியும்? என் மருதாணியில் ஒரு குறையும் இல்லை. அதை யாரும் சொல்ல வேண்டாம்.

டூருக்கு அந்தத் தலையோடுதான் போனாள். போட்டோவில் பார்த்தால் வரிசையில் இவள் மட்டும் தனியாகத் தெரிகிறாள். "எல்லாரும் சூப்பர்னு பறஞ்ஞு" என்றாள். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

4

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரிலிருந்து பத்திரிகை வைக்க வந்தார்கள். வந்தது என் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் மனைவியும். என் மூத்த ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் மகன் சங்கருக்குக் கல்யாணம். சங்கருக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. சித்தப்பா மகள் என்ற முறையில் கோமதிதான் தங்கை. மணமேடையில் பொண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடித்து நிற்பதும், அண்ணன் தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போடுவதும் அவள்தான் என்று நிச்சயதார்த்தத்தின்போதே பேசியிருந்தது.

தட்டில் பழம் வெற்றிலை வைத்துக் கொடுத்த அக்காவின் கண் கோமதியின் தலைக்குப் போனது. கோமதி காபி கொண்டு வந்தாள். அக்கா காபியை வாங்கவில்லை.

"என்னட்டி இது? தலையில துருப் பிடிச்சிருக்கு?"

"ஃபேஷன் பெரியம்மா."

"சபையில விளக்குப் புடிக்கப் போற பிள்ள. பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? கூத்தாடி வீடுன்னு நினைப்பாங்க. கறுப்பாக்கிட்டு வரணும், கேட்டியா? இல்லன்னா நான் வேற வழி பாக்கணும்."

என் வீட்டுக்காரர், "சரி மதினி, சரி மதினி" என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணனும் மதினியும் வந்தால் அவருக்கு வேறு வார்த்தை வராது. வாசலில் அவர்களை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்த பிறகும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. நான் என் மகளை ஆயிரம் சொல்லுவேன். கூத்தாடி என்று சொல்ல அக்கா யார்?

கோமதி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். உங்கள் சடங்கும் வேண்டாம், சம்பிரதாயமும் வேண்டாம் என்பாள், நானும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை பேசலாம் என்று காத்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் வந்தாள். கையில் கறுப்புச் சாயப் பாக்கெட். அவளே போய் வாங்கியிருக்கிறாள்.

"பின்னால மட்டும் தேச்சு தா அம்மா."

அவள் அறைக்குப் போனேன். ஜன்னல் கம்பியில் மஞ்சள் நூல் ஒன்று தொங்கியது, அதில் வரிசையாக முடிச்சு. என்ன என்றேன். முடிச்சுப் போட்டுப் பழகுகிறாளாம். கூட்டத்தில் கை நடுங்கி அவிழ்ந்துவிட்டால் அண்ணனுக்கு ஆகாதே என்றாள். சின்னப் பிள்ளையில் முழுப்பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போனால் அவளைச் சைக்கிளில் வைத்துத் தெருத் தெருவாகச் சுற்றியவன் அவன். இந்த ஊரில் அவளுக்கு அண்ணன் என்று கூப்பிட ஆள் கிடையாது. அவளுக்கு அந்த விளக்கும் முடிச்சும் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கையுறை மாட்டிக்கொண்டு அவள் பிடரியில் சாயம் தேய்த்தேன்.

5

கல்யாண மண்டபத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டோம். கோமதியின் தலை புதுசாகப் போட்ட தார் ரோடு மாதிரி கறுப்பு. பட்டுப்புடவை, தலை நிறையப் பிச்சிப்பூ. நீங்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தீர்கள். ஒருத்தி பூவை விலக்கிக்கூடப் பார்த்தாள். ஒரு செம்பு இழைகூட அகப்படவில்லை என்று ஏமாந்து போனதும் தெரிந்தது.

காலையில் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வந்தாள். "கோமதி, வாசல்ல பன்னீர் தெளிக்க ஆளில்ல. செத்த அங்க நின்னுக்கோ."

"விளக்கு, பெரியம்மா?"

"அத நம்ம தீபா பாத்துக்கிடுவா. அவ பழக்கப்பட்டவ. நீ மலையாளத்துப் பிள்ள, ஐயர் சொல்லுதது புரியாம மேடையில முழிச்சிட்டு நிப்ப."

தீபா, அக்காவின் சொந்தத் தங்கச்சி மகள். கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவளும் சங்கருக்குத் தங்கை முறைதான், மறுக்கவில்லை. மேடையில் பொண்ணுக்குப் பின்னால் விளக்கோடு வந்து நின்றாள். முடியை இஸ்திரி போட்ட மாதிரி நீட்டி நிமிர்த்தி, அதில் பாதி திராட்சைப் பழ நிறம். பெரிய பார்லரில் போட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அத்தை என்னிடமே சொன்னாள்: "என்ன அழகா பண்ணியிருக்கா பாத்தியா? காசு குடுத்தா காசுக்கு ஏத்த வேலை." ஒரு சபை, இரண்டு தலை. காசு கொடுத்துப் போட்டால் அழகு, வீட்டில் போட்டால் கூத்தாடி. அப்படியானால் என் பிள்ளை எதற்காகத் தன் முடியைத் தாரில் முக்கிக்கொண்டு வந்தாள்? முடி ஒரு சாக்கு. அக்காவுக்குத் தன் பிறந்த வீட்டுப் பெண்ணை மேடையில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நேராகச் சொல்லியிருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

சங்கர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு அவன் அம்மா சொன்ன பக்கம் பார்த்தான். மாப்பிள்ளைகள் அன்றைக்கு யாரையும் ஒன்றும் கேட்பதில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. நான் எழுந்து வாசலைப் பார்த்தேன். கோமதி ஒரு கையில் பன்னீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அட்சதையை வாசலிலிருந்தே எறிந்தாள். அது கடைசி வரிசை நாற்காலியைக்கூடத் தாண்டவில்லை.

என் வீட்டுக்காரர் பந்தி விசாரிக்கப் போய்விட்டார். அண்ணன் வீட்டுக் கல்யாணம் பாருங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் களியக்காவிளை எல்லையைத் தாண்டினோம். கோமதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இனி ஞான் அங்கோட்டு வரூல்லா" என்றாள். ஊருக்கு இனி வர மாட்டாளாம். பிள்ளைகள் பாஷை மறந்து ஊரைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று மேடை போட்டு வருத்தப்படுகிறீர்களே, அவர்கள் தாங்களாக விலகுவதில்லை. வாசலில் நிறுத்தி வைத்தால் பிறகு எந்தப் பக்கம் போவார்கள்?

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷைனி வீட்டுக்குப் போய், அந்த டப்பாவில் பொடி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பொட்டலம் இருந்தது. "ஆர்க்கா சேச்சி?" எனக்குத்தான் என்றேன். அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள்.

இரும்புச் சட்டி விஷயம் தெரிந்தேதான் செய்தேன். தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். கொக்கி குத்தியபோது அன்றைக்கு என் பிள்ளை கண்ணில் ஏன் தண்ணீர் வந்தது என்று புரிந்தது. முன்பக்கம் நாலு இழை இழுத்தேன். பின்பக்கம் கை எட்டவில்லை.

கோமதி கதவோரம் வந்து நின்றாள். "அம்மைக்கு வட்டாணோ?"

"பைத்தியந்தான். பின்னால இழுத்து விடு."

வந்து கொக்கியை வாங்கினாள். என்னைவிடப் பதமாக இழுத்தாள். தலை சுட ஆரம்பித்ததும் அவளே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இந்தத் தடவை தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம்.

எனக்கு அது நன்றாக இல்லை. அதை உங்களுக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து வயது முகத்துக்கு மேல் செம்புக் கம்பி வைத்த மாதிரி இருந்தது. நரை இருந்த இடத்தில் ஒருமாதிரி பாசி நிறம்கூட அடித்தது. வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"அண்ணன் வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

"அவங்க சொல்லட்டும்னுதான் போட்டேன்."

சாப்பிட வாங்க என்றேன். சாப்பிட்டார்.

7

புதுப் பொண்ணு மாப்பிள்ளையை விருந்துக்குக் கூப்பிட வேண்டிய முறை எங்களுக்கும் உண்டே. கூப்பிட்டோம். பத்மநாபசுவாமியைக் கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, கோவளம் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று அக்காவும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள். கதவைத் திறந்தது நான். அக்கா என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு என் தலையைப் பார்த்தாள். புதுப் பொண்ணுக்கு முன்னால் ஒன்றும் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டாள்.

இலை போட்டுப் பரிமாறினோம். அவியல், எரிசேரி, நம் ஊர்ச் சொதி. கோமதிதான் பரிமாறினாள். மாப்பிள்ளையும் பொண்ணும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனதும் அக்காவுக்கு அடக்க முடியவில்லை.

"ஈசுவரி, பிள்ள பண்ணுனா அறியாத வயசுங்கலாம். உனக்கு என்ன வந்துச்சு? நாளைக்கு எம் மருமகளுக்கு வளைகாப்புன்னா சின்ன மாமியார் நீதான முன்னால நின்னு வளையல் போடணும்? இந்தத் தலைய வச்சிக்கிட்டு ஒன்னைய எப்படிளா மேடையில ஏத்துவேன்?"

"ஏத்தாண்டாங்க்கா."

"என்னது?"

"மேடையில ஏத்தாண்டாம். எம் மகள வாசல்ல நிறுத்துனீங்கள்லா, அங்கனயே நானும் நிக்கேன். ஆளுக்கொரு செம்பு குடுத்திருங்க."

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். சரி மதினி என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மறுபடியும் பாயசப் பாத்திரத்தோடு வந்த கோமதி, பெரியம்மாவின் இலைக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.